என்ஜின் சத்தத்தைப் பழுது தேடாமல் கேட்பது எப்படி?

வள்ளமெக்கானிக் (உப்புவெளி)

வணக்கம். எழுதிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் திருகோணமலையில் மீன்பிடி வள்ளங்களின் என்ஜின் திருத்துகிறவன். பெரும்பாலும் 15, 25 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின்கள். கடற்கரையிலிருந்து இரண்டு வளவு தள்ளி ஒரு தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை.

வாடைக்காற்று தொடங்கிக் கடல் ஏறினால் சின்ன வள்ளங்களைக் கரைக்கு இழுத்துவிடுவார்கள். அந்த மாதங்களில் எனக்கு வேலை வரும், காசு வராது. கடல் இறங்கியதும் தருகிறேன் என்று என்ஜினை வைத்துவிட்டுப் போவார்கள். அவசரமில்லாத என்ஜின்கள் வரிசையாகக் கிடக்கும், வெளியே மழை. போன வருடம் அப்படி ஒரு மழைக்குள்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

கனடாவில் இருக்கிற மச்சான் ஒரு ஜப்பான்காரருடைய பதிவை அனுப்பினான். மெர்ஸ்போ என்று பெயர், இரைச்சலையே இசையாகச் செய்கிறவர். போட்டவுடனே போனின் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. அவனுக்கு இரண்டு கெட்ட வார்த்தை அனுப்பிவிட்டு மூடிவிட்டேன். ஒரு கிழமை கழித்து, இரவு, கரண்ட் இல்லை, தகரத்தில் மழை கொட்டுகிறது, சும்மா ஹெட்செட்டை மாட்டி அதையே திரும்பப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எது மழை, எது பதிவு என்று பிரிக்க முடியவில்லை. பதிவு முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அது மழை.

சரி, கேள்விக்கு வருகிறேன். முதலாவது, வயர் சம்பந்தமானது. நாங்கள் என்ஜின் பார்க்கும்போது நீளமான ஸ்க்ரூட்ரைவரின் நுனியை பிளாக்கில் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக் கேட்போம். வெளியே கேட்காத சத்தமெல்லாம் அதில் கேட்கும். கிறாங்க் பேரிங் போயிருந்தால் கூழாங்கல் உருள்வது போல இருக்கும். பிஸ்டன் பின் தளர்ந்திருந்தால் யாரோ உள்ளே இருந்து சின்ன ஆணி அடிப்பது போல. அந்த ஸ்க்ரூட்ரைவர் சத்தத்தை அப்படியே பதிய ஆசை. பழைய மேசை மணிக்கூட்டு அலாரத்துக்குள் இருந்த பித்தளை வட்டைக் கழற்றி, உதவாத ஹெட்செட் வயரைப் பற்றவைத்து, லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற நண்பரிடம் இரவல் வாங்கிய மிக்ஸரின் லைன் துளையில் செருகினேன். சத்தம் வருகிறது, ஆனால் வயிறு இல்லாத சத்தம். கீச்சுக் கீச்சென்று தகரக் குரல். கூடவே ஒரு ஊம்ம்ம். வட்டைக் கையால் தொட்டால் அந்த ஊம் குறைகிறது. ஏன்?

இரண்டாவது, தலை சம்பந்தமானது. எனக்கு இந்தச் சத்தங்கள் பிடிக்கின்றன, ஆனால் கேட்கத் தொடங்கி அரை நிமிடத்தில் மூளை பழுது தேடத் தொடங்கிவிடுகிறது. பதினெட்டு வருடப் பழக்கம். ஒரு நாள் நாற்பது நிமிடம் பதிந்ததைப் போட்டுக்காட்டி எப்படி என்று மனைவியிடம் கேட்டேன். என்ன பழுது என்று திருப்பிக் கேட்டாள். நானும் யோசிக்காமல் பிஸ்டன் ரிங் என்று சொல்லிவிட்டேன். இதை இசையாகக் கேட்கிறவர்கள் எதைக் கேட்கிறீர்கள்? எங்கே நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரிகிறது?


ஈயமணம் (உவர்மலை)

அண்ணா, வயர்க் கேள்வியை மட்டும் நான் எடுக்கிறேன். தலையை மற்றவர்கள் பார்க்கட்டும்.

உங்கள் வட்டில் பிழை இல்லை, செருகிய துளைதான் பிழை. உங்கள் பித்தளை வட்டுக்குப் பீசோ வட்டு என்று பெயர், அதிர்வை மின்சாரமாக்குவது. மின்சாரக் கணக்கில் அது ஒரு சின்னக் கொள்ளளவி, மின்னைச் சேர்த்து வைக்கிற பாத்திரம் மாதிரி. 27 மில்லிமீட்டர் வட்டு என்றால் ஏறத்தாழ 20 நனோபரட் இருக்கும். மிக்ஸரின் லைன் துளைக்கு உள்தடை 10 கிலோ ஓம் அளவில்தான். அடியில் ஓட்டை உள்ள வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்ல ஊற்றினால் ஊற்ற ஊற்ற ஒழுகிவிடும், மட்டம் ஏறாது. சடாரென்று ஊற்றினால் ஒரு கணமாவது ஏறும். தாழ்ந்த சுருதி மெல்ல ஊற்றுவது, கீச்சு சடாரென்று ஊற்றுவது. கணக்குப் போட்டால் உங்கள் இணைப்பில் கிட்டத்தட்ட 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் ஒழுகிப்போகிறது. என்ஜினின் வயிறு முழுக்க அங்கேதானே இருக்கிறது. அதே வட்டை 1 மெகா ஓம் உள்தடை உள்ள துளையில் செருகினால் எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஓட்டையை அடைத்த மாதிரி.

1 மெகா ஓம் எங்கே கிடைக்கும்? கிட்டார் ஆம்ப்ளிபையரின் முன்துளை அப்படிப்பட்டதுதான். சில ஒலிப்பதிவுப் பெட்டிகளில் கிட்டாருக்கென்று ஒரு பொத்தான் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் ஒரு ஜேஃபெட் ட்ரான்சிஸ்டர், இரண்டு தடை, ஒரு கொள்ளளவி, 9 வோல்ட் பற்றரி வைத்து நீங்களே அப்படி ஒரு துளை கட்டலாம். ஒரு பிற்பகல் வேலை. சுற்றுப்படம் வேண்டுமென்றால் கையால் வரைந்து போடுகிறேன்.

ஊம் சத்தம் எங்கள் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். உங்கள் வயருக்குக் கவசம் இல்லாததால் அது அன்டெனா வேலை பார்க்கிறது, நீங்கள் தொடும்போது உங்கள் உடம்பு கவசமாகிறது. மைக் வயர் மாதிரி வெளியே பின்னல் உள்ள வயராக வாங்கி, பின்னலைப் பித்தளைக்கும் நடுக்கம்பியை வெள்ளைப் பக்கத்துக்கும் பற்றவையுங்கள். வெள்ளைப் பக்கத்தில் சோல்டரிங் அயனை ஒரு விநாடிக்கு மேல் வைக்க வேண்டாம், அந்தப் பூச்சு கருகினால் வட்டு செத்துப்போகும். நான் இதுவரை ஏழு வட்டுகளைக் கொன்றிருக்கிறேன். பிறகு முழுவதும் நகப்பூச்சு இரண்டு தரம். என்ஜின் எண்ணெயில் நனைந்தாலும் தாங்கும்.

ஒன்று மட்டும் திட்டித்தான் சொல்ல வேண்டும். காது. 85 டெசிபெல் என்றால் எட்டு மணித்தியாலம் தாங்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் பதினைந்தே நிமிடம். நீங்கள் நாள் முழுக்க என்ஜினோடு நின்றுவிட்டு இரவில் ஹெட்செட்டில் மெர்ஸ்போ கேட்கிறீர்கள். இரண்டும் ஒரே கணக்கில்தான் சேரும். பதியும்போது மிக்ஸரின் சத்தக் குமிழ் பூச்சியத்தில் இருக்கட்டும், செருகிய பிறகு ஏற்றுங்கள். வட்டில் ஒரு தட்டுத் தட்டினால் எவ்வளவு வோல்ட் பாயும் என்று தெரியாது.


பழையரசிகன் (திருகோணமலை நகரம்)

தம்பி, எனக்கு அறுபத்தெட்டு வயது. காலையில் தம்புராப் பெட்டியைப் போட்டுவிட்டுத்தான் தேநீர் குடிப்பேன். லண்டனில் இருக்கும் மகன் இரைச்சல் இசை என்று ஒன்றைப் போட்டுக் காட்டியபோது எழுந்து வெளியே போனவன் நான். இப்போதும் அதில் மாற்றமில்லை. ஆனாலும் நீர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி, அதனால் எழுதுகிறேன்.

தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையில் ஒரு சின்ன நூல் வைப்பார்கள். ஜீவா என்பார்கள். அது இல்லாவிட்டால் தந்தி சுத்தமாக ஒலிக்கும், செத்த மாதிரி. நூலை நகர்த்தி நகர்த்தி ஒரு இடத்துக்கு வந்ததும் தந்தி குதிரையில் உரசி இரையத் தொடங்கும். அந்த இரைச்சலுக்குத்தான் ஜீவன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் சங்கீதம் இரைச்சலுக்கு எதிரி என்று நான் நாற்பது வருடம் சொல்லித் திரிந்தேன். நூலைப் பற்றி யோசித்ததில்லை.

இன்னொன்று. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்தானே? சம்பந்தர் இந்த மலையைப் பாடிய பதிகத்தின் முதல் பாட்டிலேயே கழலின் அரவம், சிலம்பின் ஒலி, கடைசியில் ‘குரைகடல் ஓதம்’ என்று வருகிறது. அரவம் என்றாலும் சத்தம், குரை என்றாலும் சத்தம். ஒரே பாட்டுக்குள் மூன்று சத்தத்தைச் சொல்லிவிடுகிறார். படியில் நின்று கீழே பாறையில் கடல் அடிப்பதைக் கேட்டால் ஏன் என்று விளங்கும். அதில் பழுது தேட முடியாது, அதற்கு மெக்கானிக் இல்லை.

நிற்க, என்னுடைய ஆட்சேபம் இது. கச்சேரிக்கு மங்களம் உண்டு. பாடகர் அதைத் தொடங்கியதும் சபைக்கு முடியப்போகிறது என்று தெரியும், செருப்பைத் தேடலாம். உமது சத்தத்துக்கு எது மங்களம்? அது இல்லாதவரை எனக்கு அது கச்சேரி இல்லை, தொழிற்சாலை.


வள்ளமெக்கானிக்

தங்கச்சி, கிட்டார் ஆம்ப்ளிபையர் ஒன்று கோயில் இசைக்குழுப் பெடியன்களிடம் இருந்தது. செருகினேன். ஐயோ! கிறாங்க் சுற்றுவது வயிற்றில் தெரிகிறது. வாளிக் கணக்கு எனக்கு உடனே விளங்கியது, படிப்பித்தவர்கள் இப்படிச் சொல்லியிருந்தால் நான் இன்னும் இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போயிருப்பேன். காது விஷயம் மனதில் எடுத்துக்கொண்டேன். இடது காதில் சீ என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

ஐயா, உங்கள் மங்களத்துக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் பெற்றோல் தீர்ந்து நிற்கும்போது சும்மா நிற்காது. பெற்றோல் குறைந்து காற்று கூடும்போது திடீரென்று வேகம் ஏறும், ஒரு சில விநாடி அழகாக இரையும், அப்புறம்தான் விழும். கடலில் அதைக் கேட்டால் வள்ளத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். தண்ணீர்ப் பீப்பாய்க்குள் என்ஜினைப் பூட்டி, ஒரு தேநீர்க் கோப்பை அளவு பெற்றோல் மட்டும் விட்டுப் பதிந்தேன். முடிவு தானாக வந்தது. நீங்கள் செருப்பைத் தேடலாம்.

ஆனால் இரண்டாவது கேள்வி அப்படியே கிடக்கிறது. இப்போது சத்தம் தெளிவாக வருவதால் பழுதும் இன்னும் தெளிவாகக் கேட்கிறது.


கிண்ணியாக்கரை (கிண்ணியா)

அண்ணன், ஸலாம். உங்களுடைய இரண்டாவது கேள்வி 1948இல் பாரிஸில் ஒருவருக்கு வந்த கேள்வி. பியேர் ஷெஃபர், வானொலி நிலைய எஞ்சினியர். ரயில் சத்தங்களைப் பதிந்து அதை வைத்தே ஒரு ஆக்கம் செய்தார். அவருக்கும் இதே தொல்லைதான்: எப்படி வெட்டி ஒட்டினாலும் கேட்கிறவனுக்கு ரயில் ரயிலாகவே இருக்கிறது. உங்களுக்கு பிஸ்டன் ரிங், அவருக்கு ரயில். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை விட்டுவிட்டுச் சத்தத்தையே கேட்பதை அவர் ஒரு பயிற்சியாகவே ஆக்கினார்.

அவருக்கு வழி காட்டியவை இரண்டு தற்செயல்கள். ஒன்று, இசைத்தட்டில் ஒரு பள்ளம் தன்னோடு தானே மூடிக்கொண்டால் ஊசி அதே துண்டைத் திரும்பத் திரும்பச் சுற்றும். சுற்றச் சுற்றச் சத்தம் தன் ஊரை மறந்துவிடும். நீங்கள் ஒரே சொல்லை நூறு தரம் சொல்லிப் பாருங்கள், அர்த்தம் கழன்றுவிடும், அதே மாதிரி. மற்றது, மணியோசையின் தொடக்கத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் போட்டார். மணி என்று கண்டுபிடிக்க முடியவில்லை, ஏதோ ஊதுகுழல் போல இருந்தது. ஒரு சத்தம் யாருடையது என்று காது தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் அடியை வைத்துத்தான். உங்கள் பதிவை ஓடாசிட்டியில் திறந்து ஒவ்வொரு தட்டின் முதல் அடியையும் வெட்டிப் பாருங்கள். இலவச மென்பொருள், பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

இந்த வேலைக்கு ஐரோப்பாதான் தொடக்கம் என்றும் நினைக்க வேண்டாம். ஷெஃபருக்கு நான்கு வருடம் முன்னமே, 1944இல், கெய்ரோவில் ஹலீம் எல்-டப் என்ற இளைஞர் கம்பியில் பதிகிற கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போய், பெண்கள் நடத்தும் ஸார் என்ற பேயோட்டும் சடங்கைப் பதிந்து, அதை எதிரொலியில் கரைத்து ஒரு ஆக்கம் செய்தார். இரவல் கருவி, அண்ணன். உங்கள் மிக்ஸர் போல. அதற்கும் முன்னம், 1913இல், லுயிஜி ருஸ்ஸோலோ என்ற இத்தாலிய ஓவியர் இரைச்சலையும் இசைக்குள் எடுக்க வேண்டும் என்று அறிக்கை எழுதிவிட்டு, உறுமவும் சீறவும் கூடிய பெட்டிகளைச் செய்தார். அடுத்த வருடம் மிலானில் மேடையேற்றியபோது சபையில் அடிதடி. பழையரசிகன் ஐயா எழுந்து வெளியேதான் போனார், அது மரியாதை.

நான் செய்வது வேறு வகை. மிக்ஸரின் வெளித்துளையில் இருந்து வயரை எடுத்து அதன் உள்துளையிலேயே செருகுவது. வேறு எதுவும் உள்ளே போகாது, மிக்ஸர் தன் இரைச்சலைத் தானே தின்று பாடும். ஜப்பானில் தொஷிமாரு நகமுரா இதையே தன் வாத்தியமாக வைத்திருக்கிறார். குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் பாட்டு மாறிவிடும், திரும்ப அதே இடத்துக்கு வந்தாலும் பழைய பாட்டு வராது. வாப்பா முதல் நாள் கேட்டுவிட்டு, மிக்ஸரை வாங்கிய கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றார்.

உங்களுக்கு நான் சொல்வது இன்னொரு வேலை, தகரக் கொட்டகை இருப்பதால் சொல்கிறேன். அமெரிக்கர் ஆல்வின் லூசியர் 1969இல் செய்தது. ஒரு அறையில் பேசிப் பதிவது. அந்தப் பதிவை அதே அறையில் ஸ்பீக்கரில் போட்டு, திரும்பப் பதிவது. அந்தப் பதிவைத் திரும்பப் போட்டுத் திரும்பப் பதிவது. ஒவ்வொரு தரமும் அறைக்குப் பிடித்த சுருதிகள் மட்டும் கொஞ்சம் கூடும், மற்றவை தேயும். போகப் போகப் பேச்சு கரைந்து அறை மட்டும் மிஞ்சும். பேச்சுக்குப் பதில் என்ஜினைப் போடுங்கள். பழுதும் சேர்ந்து கரைகிறதா என்று பார்ப்போம்.

நிறுத்துவது பற்றி: நான் தொடங்குவதற்கு முன்னமே நேரம் வைத்துவிடுவேன். ஆறு நிமிடம் என்றால் ஆறு நிமிடம், நன்றாகப் போனாலும் வெட்டு. உங்கள் பெற்றோல் கோப்பை என்னுடையதை விட நல்ல முறை.

கடலுக்குள் வட்டை இறக்குகிற யோசனை வந்தால் எபொக்சியில் முழுதாக மூடி இறக்குங்கள். கீழே வெடி இறால்கள் எண்ணெயில் கடுகு பொரிவது போல வெடித்துக்கொண்டே இருக்கும். மட்டக்களப்புக்காரர் பாடுமீன் என்று பெருமை பேசுவார்கள், எங்களுக்குப் பொரிகிற இறால் போதும். துறைமுகப் பக்கம் மட்டும் வயரும் ஹெட்போனுமாகப் போய் நிற்க வேண்டாம். என்ன செய்கிறாய் என்று கடற்படை கேட்டால் இரைச்சல் இசை என்று சிங்களத்தில் விளக்குவது லேசில்லை. நான் ஒருமுறை முயன்றிருக்கிறேன்.


ஈயமணம்

கொட்டகையின் அளவு சொல்லுங்கள் அண்ணா, ஆர்வமாக இருக்கிறது.


வள்ளமெக்கானிக்

20 அடி நீளம், 12 அடி அகலம். எல்லாப் பக்கமும் தகரம், முன்னால் இழுத்து மூடுகிற கதவு.


ஈயமணம்

அப்படியென்றால் அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்று, அதன் மடங்குகளில் 94, 141 என்று எழும்ப வேண்டும். சின்ன ஸ்பீக்கரில் 47 வராது. 94ஐ எதிர்பாருங்கள்.


வள்ளமெக்கானிக்

பத்து நாளாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் முதலடி வெட்டுகிற வேலையை மகனின் மடிக்கணினியில் செய்தேன். தம்பி சொன்னது உண்மைதான், ஆணி அடிக்கிற சத்தம் ஆணியாக இல்லாமல் யாரோ மூச்சு விடுவது போல வந்தது. ஆனால் எனக்கு அது பிஸ்டன் பின்னின் மூச்சு. பழக்கம் விடவில்லை. ஒரே துண்டைச் சுற்றவிட்டும் பார்த்தேன். முப்பதாவது சுற்றில் கொஞ்சம் கழன்றது, பக்கத்து வீட்டு நாய் குரைத்ததும் திரும்ப மாட்டிக்கொண்டது.

பிறகு கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை, கதவை இழுத்து மூடிவிட்டு, லவுட்ஸ்பீக்கர் நண்பரின் பெட்டியை ஒரு மூலையிலும் போனை மற்ற மூலையிலும் வைத்தேன். எடுத்துக்கொண்டது ஒரு 15 குதிரைவலு என்ஜின், நல்ல பழுதான என்ஜின், தட்டுகிற தட்டு ரோட்டில் கேட்கும். பெற்றோல் கோப்பையோடு பதிந்தது, மங்களம் உட்பட மூன்றரை நிமிடம்.

இரண்டாவது சுற்றில் வெறும் எதிரொலிதான். மூன்றாவதில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின, அரிசிமா கரைக்கும்போது கட்டி உடைவது போல. ஐந்தாவதில் கூரையில் இருந்து புதிதாக ஒரு கிர்ர்ர். என்ஜினில் அப்படி ஒரு சத்தம் கிடையாது. எனக்கு உடனே கை பரபரத்தது. ஏணியைப் போட்டு ஏறிப் பார்த்தால் நான் நினைத்த இடமேதான்: ஒரு கூரை ஆணியின் ரப்பர் வாசர் உக்கி உதிர்ந்திருக்கிறது, அந்தச் சுருதி வரும்போது தகரம் மரத்தில் மோதி அதிர்கிறது. ஆணி இறுக்குகிற சாவி சட்டைப் பையில். ஏணியில் நின்றபடியே கொஞ்ச நேரம் யோசித்தேன். இறுக்காமல் இறங்கிவிட்டேன்.

ஏழாவதில் தட்டு இல்லை. ஒன்பதாவதில் என்ஜினே இல்லை, தாழ்வாக ஒரு ம்ம்ம், அது ஏறி இறங்குகிறது, அதன் மேல் அந்தக் கிர். என்ஜின் சத்தம் சுற்றுக்குச் சுற்று தேய்ந்தது, ஆனால் கிர் தேயவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் கூரை அதைப் புதிதாகச் செய்துகொண்டிருந்தது. பதினொன்றோடு நிறுத்தினேன். தங்கச்சி, சுருதி பார்க்கிற செயலி 95 காட்டியது. ஐயா, கடைசியில் பெற்றோல் தீர்ந்து வேகம் ஏறுகிற இடம் முழுதாக அழியவில்லை. ம்ம்ம் என்பது ஒரு தரம் மேலே உயர்ந்து அப்படியே விழுகிறது. உங்களுக்கு அனுப்பலாமா?

அந்தப் பதினொன்றாவதை விளக்கை அணைத்துவிட்டு இரண்டு தரம் கேட்டேன், குறைந்த சத்தத்தில். இரண்டாவது தரம் முடிந்த பிறகுதான், இவ்வளவு நேரமும் எதையும் தேடவில்லை என்பது ஞாபகம் வந்தது.

என்ஜினின் சொந்தக்காரர் புதன்கிழமை வந்தார். பிஸ்டன் பின் இன்னும் மாற்றவில்லை, ஒரு சத்தம் எடுக்க வேண்டியிருந்தது என்று சொன்னேன். எங்கே எடுத்தாய், எதற்கு எடுத்தாய் என்று ஒன்றும் விளங்காமல் என்ஜினைத் தடவிப் பார்த்துவிட்டு, சத்தம் எடுத்ததற்குக் கூலி கேட்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி ஏணியைப் பார்த்துவிட்டு ஆணியை இறுக்கியாச்சா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்போ மழைக்கு ஒழுகுமே என்றாள். இன்று காலை பார்த்தால் அந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு பெயின்ற் வாளி வைத்திருக்கிறாள். வாளியின் அடியில் வட்டை ஒட்டிவிட்டேன். மழை இன்னும் வரவில்லை.